பதில்: நவம்பரில் மகனுடன் புது ஆற்றுக் கரையில் மிதிவண்டிப் பயணம்

வணக்கம். பன்னிரண்டு வயது மகனுடன் தஞ்சாவூரிலிருந்து கல்லணை வரை புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயின் கரையிலேயே நவம்பரில் மிதிவண்டியில் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த மாதத்தில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த கரையின் களிமண் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் இடையே அடைத்துக்கொண்டு வண்டியை நகரவிடாது. ஒரு பக்கம் கால்வாய் நிறைந்து ஓடும்போது, சறுக்கும் மண்ணில் சிறுவனை ஓட்டவிடுவது ஆபத்து.

மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு வரும் தண்ணீர் வழக்கமாக ஜனவரி 28-இல் நிறுத்தப்படும். அதன்பின் பிப்ரவரியில், கரை இறுகி, வெயிலும் கடுமையாகாத நாட்களில் கல்லணைக்குப் புறப்படுங்கள். அப்போது சம்பா அறுவடை நடக்கும். கிராமச் சாலைகளில் நெல் காயவைத்திருப்பார்கள், அதன்மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிச் செல்லும்படி மகனிடம் சொல்லிவையுங்கள்.

நவம்பரிலேயே போக விரும்பினால், மழை விட்ட ஒரு காலையில் திருவையாறு வரை தார்ச்சாலையில் செல்லலாம். ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். ஆனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் வரிசையாகக் கடக்கும் அந்த வழியைப் போல டெல்டாவை ஒரு சிறுவனுக்கு விளக்கிக் காட்டும் வேறு பாதையை நான் அறியேன். பேருந்துகள் வேகமாக வரும் சாலை என்பதால் விடிந்தவுடன் கிளம்புங்கள். பாலங்களில் மகனை முன்னே விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். எந்த ஆற்றிலும், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும், அவனை இறங்கவிடாதீர்கள்.