மகள் என்ஜின் கேட்கிறாள்

கேள்வி: கலிபோர்னியாவில் ரிவர்சைடு பக்கம் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் 1932 ஃபோர்டு ஒன்றை ஹாட் ராடாக, அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிய வண்டியாகக் கட்டி வைத்திருக்கிறார். அவரும் அவர் மனைவியும் கூட்டிப்போய்க் கூட்டிப்போய், எட்டு வயதிலிருந்து என் மகள் கார் ஷோக்களிலேயே வளர்ந்துவிட்டாள். இப்போது அவளுக்கு 15 வயது. தன்னிடம் சும்மா கிடக்கும் பழைய செவர்லே 350 (350 கன அங்குல) என்ஜினைத் தருவதாக அவர் சொல்ல, நம் கேரேஜில் வைத்து நானே கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். படிப்பு என்ன ஆகும்? கையில் காலில் பட்டால்? சம்மதிக்கலாமா?
– ஒரு தாய்

பதில்: சம்மதியுங்கள், சகோதரி. கார் வேண்டும் என்றிருந்தால் பொறுக்கச் சொல்லியிருப்போம். கார் கட்டும் வேலை வருடக்கணக்கில் இழுக்கும். பாதியில் நின்றுபோனவைதான் அதிகம். என்ஜின் அப்படியில்லை. கேரேஜின் ஒரு மூலை போதும், சனி ஞாயிறுகளில் ஒரு வருடத்துக்குள் முடித்துவிடலாம், செலவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

அவள் கண்டு வளர்ந்த உலகத்தையும் புரிந்துகொள்ளுங்கள். 1950ல் ஓக்லாந்தில் தொடங்கி இப்போது உங்கள் பக்கத்திலேயே பொமோனாவில் நடக்கும் ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத கார்) ஷோவில், மிக அழகான ரோட்ஸ்டருக்கென்று முதன்முதலாகக் கொடுத்த பரிசை வாங்கியது ஒரு 1929 ஃபோர்டு. யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய வண்டியைக் கையால் வேறாக்குவதுதான் இந்த மரபு. அங்கே ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் முதலில் கேட்பது, ‘நீங்களே கட்டியதா?’ என்றுதான். ஏழு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, ஒருநாள் ‘ஆமாம்’ என்று சொல்ல ஆசை வந்திருக்கிறது. இதை வெறும் மோகம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

என்ஜினை வாங்குமுன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) முன் போல்ட்டில் நீளமான ராட்செட் போட்டுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றினால் எடுத்துக்கொள்ளலாம். இறுகியிருந்தால் முதல் என்ஜினுக்கு அது வேண்டாம்.

முழு 350 சுமார் 260 கிலோ இருக்கும். அதை மாட்டி வைத்து வேலை செய்ய ஒரு ஸ்டாண்ட் வேண்டும். மூன்று சக்கர ஸ்டாண்டை வாங்காதீர்கள். தள்ளும்போது ஒரு சின்னக் கல் முன்சக்கரத்தில் சிக்கினாலும் குப்புறச் சாய்ந்துவிடும். நான்கு சக்கரம் உள்ளதாக, 1000 பவுண்டு தாங்குவதாகப் பாருங்கள்.

பிரிக்கும்போது அவசரமே கூடாது. பேரிங் கேப் (கிராங்கைப் பிடித்திருக்கும் மூடி), கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) ஒவ்வொன்றிலும் எண் குறித்து, எடுத்த இடத்திலேயே எடுத்த திசையிலேயே திரும்பப் போட வேண்டும். கேப் இடம் மாறினால் துளையின் வட்டம் கெட்டு பேரிங் தேய்ந்துவிடும். பிளாக்கில் விரிசல் உண்டா, சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மெஷின் ஷாப்பில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கேரேஜில் செய்கிற வேலை அல்ல அது.

பூட்டும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் ஒரு போல்ட்கூட இறுக்கக் கூடாது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் போல்ட்டுக்கு 65 அடி-பவுண்டு. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று தடவையாக இறுக்கத்தை ஏற்ற வேண்டும். இந்த என்ஜினில் ஹெட் போல்ட் துளைகள் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் அறைக்குள் திறக்கின்றன. மரையில் கசிவை அடைக்கும் சீலன்ட் தடவ மறந்தால் கூலன்ட் மரை வழியே கசிந்து மேலே வரும். முதல் தடவை கட்டுபவர்கள் பலர் தவறுவது இங்கேதான்.

கார்புரேட்டரில் பெரியதே நல்லது என்று நண்பர்கள் சொல்வார்கள். கணக்குப் போடச் சொல்லுங்கள்: 350 கன அங்குலத்தை நிமிடத்துக்கு 5500 சுற்றால் பெருக்கி 3456ஆல் வகுத்தால் 557 வரும். நிமிடத்துக்கு 600 கன அடி காற்று இழுக்கும் கார்புரேட்டர் தாராளம். 850 போட்டால் குறைந்த வேகத்தில் திணறும்.

உங்கள் பயத்துக்கு வருவோம். பயம் நியாயமானதே. பின்னலைத் தொங்கவிடாமல் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்க வேண்டும்; ஃபேன் பெல்ட் அருகே முடி போனால் இழுத்துவிடும். வளையல், மோதிரம், சங்கிலி எதுவும் கூடாது. பேட்டரி முனைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு வளையல் பட்டால் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஓடும் என்ஜின் கேரேஜுக்கு வெளியேதான்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

படிப்பைப் பற்றி: கன்சாஸில் மெக்ஃபெர்சன் கல்லூரியில் பழைய கார்களைப் புதுப்பிப்பதிலேயே நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. அங்கே போகாவிட்டாலும், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் அளந்து பழகிய பெண்ணுக்கு இயற்பியல் பாடம் அந்நியமாகத் தெரியாது. தேர்வு வாரங்களில் கேரேஜ் பூட்டியிருக்கும் என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பெரியவர் உடன் இருக்க வேண்டும். கட்டிய ஸ்டாண்டிலேயே ஓட்டக் கூடாது; என்ஜினை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே உள்ள, ரேடியேட்டரோடு கூடிய ரன் ஸ்டாண்ட் தேவை. டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்து அனுப்புவது) இறக்குமுன் டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி, வால்வுகளை அழுத்தும் எல்லா ராக்கருக்கும் ஆயில் ஏறியதைப் பார்க்க வேண்டும். பிறகு முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரலை வைத்து, காற்று தள்ளும் சுற்றில்தான் டைமிங் (பொறி விழும் நேரம்) வைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று தவறினால் கார்புரேட்டர் வழியே தீ சீறும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு பழைய தட்டை லிஃப்டர் வகை என்றால் துத்தநாகம் கலந்த பிரேக்-இன் ஆயில் (முதல் ஓட்டத்துக்கான ஆயில்) ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஏற்றி 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஐடிலில் விட்டால் கிராங்க் தெறிக்கும் ஆயில் கேமுக்குப் போதாது. புதுக் கேம் அன்றே தேய்ந்துவிடும்.

அந்த 20 நிமிடமும் அவள் கண் டைமிங் மீதும் கசிவுகள் மீதும் இருக்கும். ஆயில் பிரஷர் கேஜைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். முள் 20 psiக்குக் கீழே இறங்கினால் ‘நிறுத்து’ என்று கத்த வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.