டொமைன் கன்ட்ரோலரில் எஃப்எஸ்எம்ஓ ரோல் பிரச்சினை என்றால் என்ன? எப்படிச் சரிசெய்வது?

ஆக்டிவ் டைரக்டரி என்பது ஒரு நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு; அதை நடத்தும் சர்வர்கள்தான் டொமைன் கன்ட்ரோலர்கள். எந்த கன்ட்ரோலரில் வேண்டுமானாலும் மாற்றம் செய்யலாம், அது மற்றவற்றுக்குப் பரவிவிடும். ஆனால் ஐந்து வேலைகளை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு சர்வர்தான் செய்ய வேண்டும், இரண்டு பேர் செய்தால் மோதிக்கொள்ளும். அந்தப் பொறுப்புகள்தான் எஃப்எஸ்எம்ஓ ரோல்கள்.

கோயில் திருவிழாவில் பல பேர் வசூலுக்குக் கிளம்பினாலும் ரசீதுப் புத்தகத்தை எண் வரிசைப்படி பிரித்துக் கொடுப்பவர் ஒருவர்தானே, ஆர்ஐடி மாஸ்டர் அதே வேலையைத்தான் செய்கிறது: புதுப் பயனர், கணினி போன்றவற்றுக்கு அடையாள எண் தர, ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் வழக்கமாக 500 எண்கள். அது படுத்துவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது, கையிருப்பு தீர்ந்த பிறகுதான் புதுப் பயனரை உருவாக்க முடியாமல் போகும். நேரத்தை ஒத்திசைக்கும் பிடிசி எமுலேட்டர் போனால் கணினிகளின் கடிகாரம் மெல்ல விலகலாம், வித்தியாசம் வழக்கமான வரம்பான 5 நிமிடத்தைத் தாண்டினால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் மறுத்துவிடும். டைரக்டரியின் கட்டமைப்பை மாற்ற மட்டும் தேவைப்படும் ஸ்கீமா மாஸ்டர் இல்லாதது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது.

முதலில் கமாண்ட் பிராம்ப்டில் 'netdom query fsmo' போட்டு ரோல் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் டிஎன்எஸ் (பெயரை வைத்து சர்வரைக் கண்டுபிடிப்பது), ரெப்ளிகேஷன் (மாற்றங்கள் மற்ற கன்ட்ரோலர்களுக்குப் பரவுவது) இரண்டையும் பாருங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான். பழைய சர்வர் உயிரோடு இருந்தால் டிரான்ஸ்ஃபர், அதாவது ரோலை முறைப்படி வேறு கன்ட்ரோலருக்கு மாற்றுவது. திரும்பவே வராது என்று உறுதியானால் மட்டும் சீஸ், அதாவது ரோலை வலுக்கட்டாயமாக எடுத்துக்கொள்வது, அதன்பின் அந்தப் பழைய இயந்திரத்தை அப்படியே நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள்.

ரோல் வைத்திருக்கும் சர்வர் விழுந்தால் உடனே யாருமே லாகின் செய்ய முடியாது என்று பலர் பதறுகிறார்கள், அப்படியில்லை, மற்ற கன்ட்ரோலர்கள் லாகினைப் பார்த்துக்கொள்ளும்.