கயை வரை போய்விட்டு, போதி மரத்தடியில் உட்காராமல் வருவதா?

வாசகர் கேள்வி – பதில்

(சென்ற இதழில் காசி, கயைப் பயணம் பற்றி எழுதும்போது, "பக்கத்திலேயே புத்தகயா இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். புத்தர் போதி மரத்தடியில் ஞானம் அடைந்த ஊர் அது. பயணத்தைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் அதிகம். இந்த இதழ் முழுக்க அதற்கே.)

மாமனாருக்குச் சிராத்தம் செய்ய நவம்பரில் கயைக்குப் போகிறோம். டூர் ஏற்பாடு செய்பவர் புத்தகயாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். போதுமா? சிராத்தம் முடித்த கையோடு இன்னொரு மதத்துக் கோவிலுக்குப் போகலாமா என்று அத்தை தயங்குகிறார். – வாசகி, கும்பகோணம்

முதலில் அத்தைக்குப் பதில். தாராளமாகப் போகலாம். கயா சிராத்தத்துக்கு என்று சொல்லப்பட்ட இடங்களில் பல்குனி நதி, விஷ்ணு பாதம், அட்சய வடம் ஆகிய மூன்றோடு நம்மவர்கள் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். விரிவாகச் செய்கிற வடநாட்டுக்காரர்கள் புத்தகயா பக்கம் வந்தும் பிண்டம் போடுவதுண்டு. மகாளய பட்சத்தில், போதி மரம் இருக்கிற மகாபோதி கோவில் வளாகத்திலேயே அதைப் பார்க்கலாம். அதனால் அத்தை சங்கடப்பட ஒன்றுமில்லை. கயையில் காய், பழம், இலை என்று ஒவ்வொன்றை விட்டுவிட்டு வருவீர்கள் இல்லையா, அந்தத் தயக்கத்தையும் அதோடு சேர்த்து விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒன்றரை மணி நேரம் போதாது. செருப்பு வைக்க, போன் வைக்க, சோதனை வரிசையில் நிற்க என்று முக்கால் மணி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் கருவறையில் புத்தரைப் பார்த்துவிட்டு, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எல்லாரும் வண்டிக்கு வாங்க" என்கிற குரலுக்கு ஓட வேண்டியதுதான். ஞானம் அடைந்த பிறகு புத்தர் ஏழு வாரம் இந்த இடத்தை விட்டு நகரவில்லை என்கிறது பௌத்த மரபு. மரத்தடியில் ஒரு வாரம், கண் இமைக்காமல் மரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டு ஒரு வாரம், நடந்துகொண்டே ஒரு வாரம் என்று கணக்கு போகிறது. ஒவ்வொரு வாரத்துக்கும் உரிய இடத்தை வளாகத்துக்குள்ளேயே பலகை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவருக்கே ஏழு வாரம் தேவைப்பட்ட இடத்துக்கு நம் டூர்காரர் ஒன்றரை மணி நேரம் தருகிறார்!

முடிந்தால் இப்படிச் செய்யுங்கள். கயையில் காரியம் முடிந்ததும் அங்கே தங்காமல், இருட்டுவதற்குள் புத்தகயா வந்துவிடுங்கள். 15 கிலோமீட்டர்கூட இருக்காது, ஆட்டோவே போதும். இரவு புத்தகயாவில் தங்கிவிட்டுக் காலை 5 மணிக்குக் கோவில் திறக்கும்போது உள்ளே போங்கள். நான் முதல் தடவை மத்தியானம் போய், கூட்டத்தில் நசுங்கி, "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று எரிச்சலோடு திரும்பியவன். இரண்டாவது தடவை விடியற்காலையில் போனபோதுதான் அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தது.

செல்போன் உள்ளே விடமாட்டார்களாமே, அப்புறம் போட்டோ எப்படி எடுப்பது? – வாசகர், ஈரோடு

விடமாட்டார்கள். 2013 ஜூலையில் வளாகத்தில் குண்டுகள் வெடித்த பிறகு பாதுகாப்பு கடுமையாகிவிட்டது. வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருகிறார்கள், போனைத் தங்கும் அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் அந்த வரிசையும் மிச்சம். காமிரா என்றால் தனியாகக் கட்டணம் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். மற்றபடி நுழைவுக் கட்டணம் கிடையாது.

போன் இல்லாததுதான் இந்தக் கோவிலின் பெரிய வசதி என்பேன். ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஒருவர்கூடக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று நமக்கு மறந்தே போய்விட்டது.

இப்போது இருப்பது புத்தர் உட்கார்ந்த அதே மரம்தானா? 2500 வருடம் ஓர் அரசமரம் இருக்குமா? – வாசகர், திண்டுக்கல்

அதே மரம் இல்லை, அதன் வம்சம். புத்தர் காலத்து மரத்தை அசோகரின் மனைவி ஒருத்தி, கணவர் தன்னைவிட மரத்தின் மேல் பாசமாக இருக்கிறார் என்ற பொறாமையில் அழித்தாள் என்று இலங்கையின் மகாவம்சம் சொல்கிறது. கி.பி. 7-ம் நூற்றாண்டில் வங்காளத்து மன்னன் சசாங்கன் மரத்தை வெட்டினான் என்றும், பூர்ணவர்மன் என்ற அரசன் அதை மறுபடி தழைக்க வைத்தான் என்றும் சீன யாத்ரீகர் யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். அவர் மதப்பற்றோடு எழுதியவர், சசாங்கன் விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு 1876-ல் ஒரு புயலில், ஏற்கெனவே உளுத்துப்போயிருந்த மரம் சாய்ந்துவிட்டது. தொல்லியல் துறையின் கன்னிங்காம் 1881-ல் நட்ட கன்றுதான் இப்போது நாம் பார்க்கும் மரம். கிளைகளுக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, கிழவருக்கு ஊன்றுகோல் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அசோகரின் மகள் சங்கமித்தை கி.மு. 3-ம் நூற்றாண்டில் இந்த மரத்தின் கிளையைக் கொண்டுபோய் இலங்கையில் அனுராதபுரத்தில் நட்டதாக வரலாறு, அந்த மரம் இன்னும் அங்கே இருக்கிறது. ஆக, பிள்ளைக்கு வயது இரண்டாயிரத்துச் சொச்சம், தாய்வீட்டில் இருப்பதற்கு நூற்றைம்பதுகூட ஆகவில்லை.

உள்ளே என்னதான் பார்ப்பது? கைடு வேண்டுமா? – வாசகி, கோயம்புத்தூர்

கைடு வேண்டாம். முதலில் கவனிக்க வேண்டியது, இந்தக் கோவிலுக்குப் படி ஏறிப் போவதில்லை, இறங்கிப் போகிறோம். சுற்றுப்புறத்தைவிடக் கோவில் தரை ஐந்து மீட்டர் போலப் பள்ளத்தில் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மண் மேடிட்டுப் போய், 19-ம் நூற்றாண்டில் பர்மாக்காரர்கள் வந்து பழுதுபார்த்து, அப்புறம் 1880-களில் கன்னிங்காமும் அவருடன் வேலை பார்த்த பெக்லரும் தோண்டியெடுத்துச் சீர்செய்த கோவில் இது. அசோகர் முதலில் இங்கே ஒரு கோவில் கட்டினார். இப்போது நிற்பது அதற்குப் பின்னால், குப்தர்கள் காலத்தை ஒட்டி 5, 6-ம் நூற்றாண்டுகளில் எழுந்த செங்கல் கோவில். உயரம் 55 மீட்டர். செங்கல்லிலேயே முழுசாகக் கட்டி இன்றும் நிற்கிற நம் நாட்டுக் கோவில்களில் இதுதான் மிகப் பழையவற்றில் ஒன்று என்று 2002-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உச்சியில் மின்னுகிற தங்கத் தகடு தாய்லாந்து மன்னரும் அந்த நாட்டு பக்தர்களும் 2013-ல் கொடுத்தது.

உள்ளே பொன்பூசிய புத்தர், வலது கையால் பூமியைத் தொட்டபடி உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடுகிறார்கள். மரம் பின்னால், மேற்குப் பக்கம் இருக்கிறது. மரத்துக்கும் கோவில் சுவருக்கும் நடுவில் ஒரு கல் பலகை, புத்தர் ஞானம் அடைந்தபோது உட்கார்ந்த இடத்தைக் குறிப்பது, வஜ்ராசனம் என்பார்கள், அசோகர் வைத்தது என்று சொல்லப்படுவது. வேலி போட்டிருக்கிறார்கள், தொட முடியாது.

எனக்குப் பிடித்தது வேறு. கோவிலைச் சுற்றிக் கல்லில் ஒரு வேலி இருக்கும், தாமரை வட்டமும் யானையும் குதிரையும் செதுக்கியது. பழைய பகுதி கி.மு. காலத்தைச் சேர்ந்தது. மூலத்தூண்கள் பலவற்றைப் பக்கத்திலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் யார் கொடுத்தது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள், குரங்கி என்ற அரசகுலப் பெண்ணின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஊர்க் கோவிலில் டியூப் லைட்டில் "உபயம்" என்று எழுதி வெளிச்சத்தையே மறைத்து வைப்பார்களே, அந்த வழக்கத்துக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

சுற்றுவது நம் பிரதட்சிணம் போலத்தான், வலமாக. திபெத்தியர்கள் ஒரு மரப்பலகையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள், சிலர் ஒரு லட்சம் நமஸ்காரம் என்று எண்ணிக்கை வைத்துச் செய்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகும். அவர்களுக்கும் தியானத்தில் இருப்பவர்களுக்கும் குறுக்கே நடக்காதீர்கள், புத்தர் பக்கம் காலை நீட்டி உட்காராதீர்கள். அப்புறம் மரத்தைப் பார்த்தபடி ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். ஒரு மூலையில் பாலி மொழியில் ஓதல், இன்னொரு மூலையில் திபெத்தியரின் கனத்த குரல், நடுவில் கிளிகளின் கூச்சல். அரை மணி நேரம் சும்மா இருங்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 70 வயது, சுத்த சைவம், தயிர் சாதம் இல்லாமல் ஆகாது. எந்த மாதம் நல்லது? – வாசகர், மதுரை

நவம்பர், பிப்ரவரி இரண்டும் நல்ல மாதங்கள். டிசம்பர், ஜனவரியில் உலகம் முழுவதிலிருந்தும் பிக்குகள் கூடிப் பெரிய பிரார்த்தனைகள் நடத்துவார்கள், பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் அறைக்கு அலைய வேண்டும், குளிர் எலும்பைத் தொடும், பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அம்மாவை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் காத்திருப்பது கஷ்டம். ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்தப் பக்கமே வேண்டாம், கல்தரையில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், நினைவிருக்கட்டும்.

சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. தயிர் சாதம் என்று கேட்டால் கிடைக்காது, சாதமும் தயிரும் தனித்தனியாகக் கேட்டால் கிடைக்கும், பிசைந்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு. பீகார்க்காரர்கள் தயிரில் அவலைப் போட்டு வெல்லம் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள், "தஹி சூடா" என்று கேளுங்கள், அம்மாவுக்குக் காலை ஆகாரத்துக்கு நிச்சயம் பிடிக்கும். வரும்போது கயையில் தில்குட் வாங்குங்கள். எள்ளை வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து இடித்துத் தட்டியது, வாயில் போட்டால் பொடிந்துவிடும். குளிர்காலத்தில் கடைவாசலிலேயே உலக்கையால் இடித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கோவில் யாருடையது? பிக்குகள் போராட்டம் என்று செய்தியில் படித்தேனே? – வாசகர், சேலம்

16-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்த இடம் ஒரு சைவ மடத்து மகந்தின் (மடாதிபதியின்) கையில் இருந்தது. 1891-ல் இலங்கையிலிருந்து வந்த அநகாரிக தர்மபாலர் இதன் நிலையைப் பார்த்துவிட்டு, பௌத்தர்களிடம் தர வேண்டும் என்று மகாபோதி சங்கத்தைத் தொடங்கி வாழ்நாள் முழுக்கப் போராடினார். 1949-ல் பீகார் அரசு சட்டம் போட்டு நிர்வாகக் குழு அமைத்தது. நான்கு இந்துக்கள், நான்கு பௌத்தர்கள், தலைவராகக் கயை மாவட்ட கலெக்டர். இந்தச் சட்டத்தை நீக்கி முழுப் பொறுப்பையும் தங்களிடமே தர வேண்டும் என்றுதான் 2025-ல் பிக்குகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று நாம் கும்பிடுவது நம் நம்பிக்கை, அதற்காக நிர்வாகத்தில் பாதி நாற்காலி வேண்டும் என்பது வேறு விஷயம். இதற்கு மறுப்புக் கடிதங்கள் வரும், வரட்டும்.

இரண்டு நாள் இருந்தால் வேறென்ன பார்க்கலாம்? ஏமாற்றுக்காரர்கள் அதிகமா? – வாசகி, திருநெல்வேலி

தாய்லாந்து, ஜப்பான், பூட்டான், பர்மா, திபெத் என்று ஒவ்வொரு நாட்டுக்காரர்களும் அவரவர் பாணியில் கோவில் கட்டி வைத்திருக்கிறார்கள், நடந்தே பார்க்கலாம். 1989-ல் தலாய் லாமா திறந்து வைத்த 80 அடி புத்தரும் அந்தப் பக்கம்தான். எனக்கு அந்தச் சிலை பெரிதாக இருக்கிறது என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை. அதைவிட நிரஞ்சனா ஆற்றைத் தாண்டி பக்ரோர் கிராமத்துக்குப் போங்கள். எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்த சித்தார்த்தருக்குப் பாயசம் கொடுத்தாளே சுஜாதை, அவள் பெயரில் அங்கே ஒரு பழைய செங்கல் தூபி இருக்கிறது. ஆற்றில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். ராஜகிருகமும் நாலந்தாவும் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு முழு நாள் வேண்டும், காலையிலேயே கார் பிடித்துவிடுங்கள்.

ஏமாற்று என்று பெரிதாக இல்லை. ஆனால் நன்றாக இங்கிலீஷ் பேசுகிற ஒரு பையன் கூடவே வருவான், காசு கேட்கமாட்டான், வழி காட்டுவான், கடைசியில் "எங்கள் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்" என்பான். நான் போனேன். ஓர் அறை, பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு நன்கொடை நோட்டு. கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்த வழியாகவே போனால் அறை பூட்டிக் கிடந்தது, விடுமுறையோ என்னவோ! பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தால் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

போதி மரத்து இலை ஒன்று வேண்டும் என்று மகள் கேட்கிறாள். பறிக்கலாமா? – வாசகர், காரைக்கால்

பறிக்கக் கூடாது, எட்டவும் எட்டாது. தானாக விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மேலேயிருந்து ஓர் இலை சுழன்றுகொண்டு இறங்கினால் கண்மூடி உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து ஓடுகிறார்கள். ஆசையை அறு என்று சொன்னவருடைய மரத்தடியில்! வெளியே கடைகளில் கண்ணாடி உறையில் போட்டு விற்கிறார்கள், அது எந்த மரத்து இலை என்று விற்பவருக்கே வெளிச்சம். எனக்கு இரண்டு நாளும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்புகிற நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்லாந்து அம்மாள் தன்னிடம் இருந்த இரண்டில் ஒன்றை எடுத்து நீட்டினார், சட்டைப் பையில் வைத்து ஊர் வந்து சேர்வதற்குள் நொறுங்கிவிட்டது. நீங்கள் போகும்போது கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.