விளக்கெண்ணெய் சேர்த்த ரப்பர் பாயில் பிசுபிசுப்பு

100 பங்கு இயற்கை ரப்பருக்கு 10 பங்கு நாப்தெனிக் எண்ணெய் (ரப்பரை இளக்கச் சேர்க்கும் பெட்ரோலிய எண்ணெய்) போட்டுவந்த இடத்தில் அதே அளவு விளக்கெண்ணெய் போட்டிருக்கிறீர்கள். இப்போது பாய் பிசுபிசுக்கிறது, ஹார்ட்னஸும் இறங்கிவிட்டது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

பிசுபிசுப்பு விளக்கெண்ணெயால் வருவது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால் இயற்கை ரப்பரோடு அது சரியாகச் சேராது. ரப்பர் கலக்கும் உருளை மில்லில் கலந்துவிட்டதுபோலத் தெரியும். வல்கனைஸ் ஆன பிறகு, அதாவது கந்தகத்தோடு சூடாக்கி ரப்பர் இறுகிய பிறகு, மெல்ல மேலே கசியும். ஒரு துண்டை வெள்ளைத் தாளில் வைத்து, மேலே எடை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். எண்ணெய்க் கறை விழுந்தால் அதுதான். இந்த அளவுக்கு விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். சோயா எண்ணெயோ ரப்பர் விதை எண்ணெயோ இதைவிட நன்றாகச் சேரும்.

ஆனால் எண்ணெயை மாற்றினால் மட்டும் ஹார்ட்னஸ் திரும்பிவிடாது. தாவர எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் ரப்பருக்குப் போகவேண்டிய கந்தகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். (ஃபேக்டிஸ் என்கிற ரப்பர் போன்ற சேர்மானப் பொருளைச் செய்வதே எண்ணெயையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கித்தானே!) அதனால் முதலில் நாப்தெனிக் எண்ணெயில் பாதியை மட்டும் தாவர எண்ணெயாக மாற்றுங்கள். கந்தகத்தை 0.2 பங்கு கூட்டி ரியோமீட்டரில் (ரப்பர் எவ்வளவு இறுகுகிறது என்று அளக்கும் கருவி) போட்டு, அதிகபட்ச டார்க் (முறுக்கு விசை) பழைய கலவையின் அளவுக்கு வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். வல்கனைஸ் ஆவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

அப்புறம், ரப்பர் விதை எண்ணெய் என்றால் அமில எண்ணை (தனியாகப் பிரிந்து நிற்கும் கொழுப்பமிலத்தின் அளவைக் காட்டும் எண்) கேட்டு வாங்குங்கள். ஈரத்தோடு கிடந்த விதையில் ஆட்டியதில் கொழுப்பமிலம் ஏறியிருக்கும். அப்படி இருந்தால் கலவையில் போடும் ஸ்டியரிக் ஆசிடை (அதுவும் ஒரு கொழுப்பமிலம்தான்) சற்றுக் குறைத்துப் பார்க்கலாம்.