மெட்டு யாருடையது?

அன்புள்ள ஐயா,

நான் கூத்தாநல்லூர்க்காரன். தோஹாவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். என் அறையில் தங்கியிருக்கும் எகிப்துக்காரர் காலையில் பல் துலக்கும்போதே தம் நாட்டுப் பாடகர் அம்ர் தியாப் பாட்டைப் போட்டுவிடுவார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவர் போடாத நாளில் நானே போட்டுக் கேட்கிறேன். கிடங்கில் இன்னொரு எகிப்தியர், வயதானவர், பழம்பெரும் பாடகி உம்மு குல்தூமின் ரசிகர், “உம்மு குல்தூமோடு பாட்டு செத்துவிட்டது, இவன் பாடுவது மேற்கத்திய நகல்” என்று சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி? அம்ர் தியாப் இசையமைத்த பாடல்களில் எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கினால் அவரை முழுதாகத் தெரிந்துகொள்ளலாம்? இந்திப் படங்களில் அவருடைய மெட்டுகளை எடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? எனக்கு மகள் பிறந்திருக்கிறாள், இன்னும் நேரில் பார்க்கவில்லை. இரவில் இந்தப் பாட்டுகள்தான் துணை. தவறாக ஏதும் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ந., தோஹா

அன்புள்ள ந.,

மகள் பிறந்த செய்திக்கு என் வாழ்த்துகள். விடுப்பு சீக்கிரம் கிடைக்கட்டும். பாட்டைத் துணையாக வைத்துக்கொண்டதில் கூச்சப்பட எதுவும் இல்லை. வளைகுடாவில் ஒற்றை அறையில் ஆறேழு பேராக வாழ்ந்த நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேரைப் பாட்டுதான் காப்பாற்றியிருக்கிறது.

இந்திப் படங்களில் எடுத்தார்களா என்றால், எடுத்தார்கள். அதைப் பேசிப் பயனில்லை. அந்தப் பெரியவரோடு வாதாடவும் வேண்டாம். அவர் அழுவது தம் இளமைக்காக. ஆனால் ‘மேற்கத்திய நகல்’ என்று மறுபடி சொன்னால் ஒன்றை மட்டும் பணிவாகக் கேளுங்கள்: உம்மு குல்தூமின் ‘இன்த்த உம்ரீ’ பாடலில் மின்கிட்டார் ஒலிக்கிறதே, அது எந்தப் பாலைவனத்தில் விளைந்தது? 1964இல் அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் முஹம்மது அப்துல் வஹாப். மரபின் சிகரம் என்று அந்தப் பெரியவர் எதைக் கொண்டாடுகிறாரோ, அதற்குள்ளேயே மின்கம்பியை இழுத்து வைத்தவர் அவர். அதே காலத்துப் பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸின் இசைக்குழுவில் மின்கிட்டாரும் இருந்தது, மின் ஆர்கனும் இருந்தது. கெய்ரோவின் இசை எக்காலத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

இதெல்லாம் போகட்டும். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. “அம்ர் தியாப் இசையமைத்த பாடல்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது உங்களுக்கு?

உங்கள் அறை நண்பர் அதிகம் போடுகிற பாட்டு எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1996இல் வந்த ‘நூர் அல் ஐன்’. ஸ்பானிய பாணியில் கிட்டார் தொடங்கும். பிறகு தர்புகா என்னும் அரபுக் கைமுரசும் கைத்தட்டலும் சேரும். நடுவில் ஓர் அக்கார்டியன் வந்து ஏங்கிவிட்டுப் போகும். உலகத்தின் பாதிப் பேருக்கு அரபுப் பாட்டு என்றால் இந்தப் பாட்டுதான். அதன் மெட்டு நாஸர் அல் மிஸ்தாவியுடையது. அவர் லிபியர், 1970களிலேயே கிட்டார் ஏந்திப் பாடியவர். சொற்கள் அஹ்மத் ஷத்தாவுடையவை. அந்தக் கிட்டாரையும் கைத்தட்டலையும் அக்கார்டியனையும் இன்ன இடத்தில் இன்ன அளவில் வரவேண்டும் என்று கோத்தவர் ஹமீத் அல் ஷாயிரி. அவர் பிறந்தது லிபியாவின் பெங்காஸியில். அம்ர் தியாப் எகிப்தின் போர்ட் சயீத்காரர். எகிப்தின் முகமாக உலகம் கொண்டாடும் பாட்டில் குரல் எகிப்தியக் குரல், மெட்டும் கோப்பும் லிபியர்களுடையவை. 1992இல் ஐ.நா. விதித்த தடையால் லிபியாவுக்கு விமானம் போகாத காலம் அது. லிபியரின் மெட்டு மட்டும் ஐரோப்பாவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் போய் இறங்கியது. 1998இல் மொனாக்கோவில் அந்த ஆல்பத்துக்காக உலக இசை விருது கொடுத்தார்கள். மேடையேறியவர் ஒருவர்.

அம்ர் தியாபைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1983இல் வந்த முதல் ஆல்பம் ‘யா தரீக்’ முதல் அவரைக் கேட்டுப் பாருங்கள். அவரை கெய்ரோவுக்கு அழைத்து வந்து அந்த ஆல்பத்தில் பாடல்களுக்கு மெட்டுக் கொடுத்தவர் ஹானி ஷெனூதா, ‘அல் மஸ்ரியீன்’ இசைக்குழுவை நிறுவியவர். குரல் அப்போதே அழகுதான், ஆனால் பாட்டு இன்னும் தன் நடையைக் கண்டுபிடிக்கவில்லை. 1988இல் ‘மய்யால்’ வருகிறது, ஹமீத் அல் ஷாயிரியின் கை படுகிறது, பாட்டு எழுந்து ஓடத் தொடங்குகிறது. 2000இல் வந்த ‘தமல்லி மஆக்’ வேறு வாசல். மெட்டு ஷெரீஃப் தாஜ், இசைக்கோப்பு தாரிக் மத்கூர், சொற்கள் அஹ்மத் அலி மூஸா. ஒவ்வொரு காலத்திலும் அடுத்த ஒலி யாரிடமிருந்து வரும் என்று மோப்பம் பிடித்து அவரிடம் போய் நின்ற காது அம்ர் தியாபுடையது. அது பெரிய திறமை. அவரே மெட்டமைத்த பாடல்களும் இருக்கின்றன. நாற்பதாண்டுகள் தாண்டியும் அவர் ஓயாமல் பாடுவதற்கு அந்தக் காதே காரணம் என்பேன். ஆனால் ஒருவரின் காதைப் பாராட்டுவதற்காக இன்னொருவரின் கையை மறைக்கக் கூடாது.

ஹமீத் அல் ஷாயிரியைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1988இல் அலி ஹுமைதா பாடிய ‘லோலாக்கி’ எகிப்தின் தெருவெல்லாம் ஒலித்தது. அதற்கும் இசைக்கோப்பு இவர்தான். நறுக்கென்ற கைத்தட்டல், சிந்தசைசர், தர்புகாவின் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்ட டிரம் மெஷின், நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு. இதைத்தான் ‘ஜீல்’ இசை, அதாவது தலைமுறை இசை என்றார்கள். பெரியவர்கள் கொதித்தார்கள். இசைக்கலைஞர் சங்கம் அவர் பாடுவதற்குத் தடை விதித்தது, சில ஆண்டுகள் நீடித்த தடை. அந்த ஆண்டுகளில் அவர் மற்றவர்களின் பாட்டைக் கோத்துக்கொண்டிருந்தார். உங்கள் கிடங்குப் பெரியவரின் கோபத்துக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்தக் கோபம் ஒரு மனிதரின் வாயைக் கட்டியிருக்கிறது.

இது நடக்கக் காரணம் கேசட். எகிப்தில் எந்தப் பாட்டு காற்றில் வரலாம் என்று அதுவரை அரசு வானொலி முடிவு செய்தது. மாதத்தின் முதல் வியாழன் இரவு உம்மு குல்தூமின் கச்சேரி ஒலிபரப்பானால் கெய்ரோவின் தெருக்கள் வெறிச்சோடும் என்பார்கள். 1974இல் எகிப்து அதிபர் சாதாத் பொருளாதாரக் கதவுகளைத் திறந்தார். எகிப்தியர்கள் கூட்டம் கூட்டமாக வளைகுடாவுக்குப் போனார்கள், திரும்பும்போது கேசட் பிளேயர் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் சஃபர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்கு, போய்த் திரும்பும்போது டூ-இன்-ஒன் தோளில் தொங்க இறங்கினார்களே, அதே காலம், அதே பெட்டி. அஹ்மத் அதவிய்யா வானொலி தொடமாட்டேன் என்று ஒதுக்கிய பாடகர். கேசட்டில் அவர் டாக்சிகளிலும் தேநீர்க் கடைகளிலும் நாட்டையே ஆண்டார். உம்மு குல்தூமின் ஒரே பாட்டு அறுபது நிமிட கேசட்டின் இரண்டு பக்கத்தையும் நிறைத்துவிடும். அந்த இடத்தில் எட்டுப் பாட்டு வைக்கத் தெரிந்த தலைமுறை அம்ர் தியாபின் தலைமுறை.

கேசட் என்றதும் எனக்கு பட்டுக்கோட்டை நினைவு வருகிறது. இளவயதில் அங்கே ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். பாட்டுப் பட்டியலும் காலி கேசட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள், நான் பதிந்து கொடுத்து அட்டையில் பாட்டுகளின் பெயரை எழுதவேண்டும். கறுப்பு மை பேனா, அட்டையில் மெல்லிய நீலக் கோடுகள், ஒரு கோட்டுக்குள் பாட்டின் பெயரும் படத்தின் பெயரும் இசையமைத்தவர் பெயரும் அடங்கவேண்டும். அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர், சவூதியிலிருந்து விடுப்பில் வந்தவர், அம்ர் தியாபின் அசல் கேசட்டைக் கொண்டுவந்து பிரதி கேட்டார். அட்டை முழுவதும் அரபி. “அரபிப் பாட்டு என்று எழுதிவிடு, போதும்” என்றார் முதலாளி. எனக்குக் கை வரவில்லை. அஸர் தொழுகை முடிந்து வந்த ஒரு ஆலிம்சாவிடம் அட்டையை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையை மூக்கருகே பிடித்து வாசித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. எழுதியவர், மெட்டமைத்தவர், இசை கோத்தவர். அவர் சொல்லச் சொல்ல ஒன்றுவிடாமல் தமிழில் எழுதினேன். கடைக்குத் திரும்பியதும் முதலாளி, “பாடுகிறவன் பெயர் போதாதா? இதற்கா ஒரு மணி நேரம்?” என்று வாடிக்கையாளர்கள் முன்னால் திட்டினார். அந்தச் சொல் இன்றும் ஆறவில்லை. போதாது ஐயா, போதவே போதாது.

அந்த அட்டை இப்போது எங்கே போயிற்று? உங்கள் கைப்பேசியில் பாடகரின் படம் இருக்கிறது, பாட்டின் பெயர் இருக்கிறது. மற்ற மூன்று பேரையும் தேடி, எந்த மூலையிலோ இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, அதற்குள்ளே இன்னொன்றை அழுத்திப் பார்க்கவேண்டும். பல நேரம் அங்கும் இருப்பதில்லை. கெய்ரோவின் கேசட் கம்பெனிகள் உள்ளங்கை அகல அட்டையில் கொடுத்த மரியாதையை, எத்தனை பாட்டையும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிற இன்றைய நிறுவனங்கள் கொடுக்கவில்லை. கேட்கிறவர்களும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை, ந.

உங்கள் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். ஏனென்றால் நீங்கள் தமிழர். “இளையராஜா பாட்டு”, “எம்.எஸ்.வி. பாட்டு” என்று மெட்டமைத்தவர் பெயரால் பாட்டைக் கூப்பிடுகிற கூட்டம் நாம். பல்லவியின் முன்னிசையில் நாலு நொடி காதில் விழுந்தால் போதும், பஸ்ஸில் பின் இருக்கையில் இருக்கிறவர்கூட இது யாருடைய இசை என்று சொல்லிவிடுவார். அரபு உலகம் பாடகரின் பெயரால் பாட்டை அழைக்கிறது. அது அவர்கள் வழக்கம். நம் காதுக்கு வேறு பழக்கம் இருக்கிறது. கத்தாரில் இறங்கியவுடன் அதை விமான நிலையத்தில் விட்டுவிட்டீர்களா? அறை நண்பரிடம் இத்தனை நாளில் ஒரு தடவைகூட “இந்த மெட்டு யாருடையது?” என்று கேட்கத் தோன்றவில்லையா? கேட்டிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். எகிப்தியர்கள் இதையெல்லாம் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிப்போகும்.

எந்த ஆல்பம் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரை முழுதாகத் தெரிந்துகொள்ள ஓர் ஆல்பம் போதும் என்ற எண்ணத்தை விடுங்கள். ‘யா தரீக்’, ‘மய்யால்’, ‘நூர் அல் ஐன்’, 1999இல் வந்த ‘அமரைன்’, ‘தமல்லி மஆக்’ என்று வந்த வரிசையில் கேளுங்கள். ‘அமரைன்’ ஆல்பத்தில் அல்ஜீரியாவின் காலித் அவரோடு சேர்ந்து பாடுகிறார், கிரேக்கப் பாடகி ஏஞ்சலா திமித்ரியூவும் பாடுகிறார். அதை நல்ல ஹெட்ஃபோனில் கேட்கவேண்டும். 2004இல் அம்ர் தியாப் ரொட்டானா இசை நிறுவனத்துக்குப் போனபின் வந்தவற்றில் ‘லைலீ நஹாரீ’ போதும், மற்றவற்றுக்கு அவசரம் இல்லை. இடையிடையே ஹமீத் அல் ஷாயிரி தம் குரலிலேயே பாடியவற்றையும் தேடிக் கேளுங்கள். கொஞ்சம் கரகரத்த, கூச்சமுள்ள குரல். இரவில் உங்களுக்கு அம்ர் தியாபைவிட அவர் நல்ல துணையாக இருக்கக்கூடும்.

கேட்டுவிட்டு எழுதுங்கள். பாட்டின் பெயரைக் குறிப்பிடும்போது மூன்று பேரின் பெயரும் கூடவே வரவேண்டும். வரவில்லை என்றால் அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதமாட்டேன். மகளின் பெயரையும் எழுதுங்கள், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.