எம்.எட். ஆய்வுக்கான புள்ளியியலை, கணக்குப் பின்னணி இல்லாத நானே மென்பொருளில் செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு எம்.எட். செய்பவர். மாணவர்களின் மதிப்பெண்களும் வினாப்பட்டியல் விடைகளும் கையில் இருக்கின்றன. புள்ளியியலுக்கான எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தெரியாது. காசு கொடுத்து வெளியே ‘அனாலிசிஸ்’ போட்டு வாங்குவதா, தானே உட்கார்ந்து செய்வதா என்று கேட்கிறார்.

நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். வெளியே கொடுத்தால் அட்டவணைகள் அழகாக வரும். ஆனால் விவா என்ற வாய்மொழித் தேர்வில் ‘இந்த இடத்தில் ஏன் டி-டெஸ்ட் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டீர்கள்?’ என்று ஒரு கேள்வி வந்தால் உங்களிடம் பதில் இருக்காது. ஆறு மாதம் பள்ளி பள்ளியாக அலைந்து நீங்கள் சேர்த்த தகவல் உங்களுக்கே அந்நியமாகிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மென்பொருளுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஆய்வுக் கேள்வி ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் வரும் ஒவ்வொரு மாறியும் எண்ணா, வகையா என்று பக்கத்தில் குறியுங்கள். மதிப்பெண் எண். பாலினம், பயிற்று மொழி, பள்ளி வகை எல்லாம் வகை. கல்வியியல் ஆய்வேடுகளில் வரும் அடிப்படைக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த டெஸ்ட் என்பது இந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

மென்பொருள் என்று பார்த்தால் ஜமோவியைத்தான் சொல்வேன். இலவசம். உள்ளே ஓடுவது புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழி, ஆனால் நீங்கள் ஒரு வரி கட்டளைகூட எழுத வேண்டாம். எஸ்பிஎஸ்எஸ் 1968-இல் வந்தது, 2009-இல் ஐபிஎம் வாங்கியது. நல்ல மென்பொருள்தான், உரிமம் வாங்கும் செலவுதான் மாணவருக்குக் கட்டாது. கைடு எஸ்பிஎஸ்எஸ் கோப்பாகக் கொடுத்தாலும் ஜமோவி அதைத் திறக்கும்.

உங்கள் தகவலைத் தொடுவதற்கு முன்னால், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கோப்பில் பழகுங்கள். அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய ‘ஹை ஸ்கூல் அண்ட் பியாண்ட்’ என்ற கணக்கெடுப்பிலிருந்து 200 மாணவர்களை மட்டும் எடுத்து, ஹெச்எஸ்பி2 என்ற பெயரில் கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் பாடம் நடத்தப் பயன்படுத்துகிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். வாசிப்பு, எழுத்து, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மதிப்பெண்களோடு பாலினம், பள்ளி வகை, பாடப்பிரிவு எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஆய்வேட்டின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான்.

முதல் கேள்வி: எழுத்தில் ஆண், பெண் மாணவர்களிடையே வேறுபாடு உண்டா? பாலினம் இரண்டே வகை, மதிப்பெண் எண், ஆகவே தனித்த இரு குழுக்களுக்கான டி-டெஸ்ட். மாணவிகள் 109 பேரின் சராசரி 54.99, மாணவர்கள் 91 பேரின் சராசரி 50.12 என்று வரும். இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) மாணவர்களுக்கு 10.3, மாணவிகளுக்கு 8.1. இரண்டு குழுவின் சிதறலும் ஒன்றல்ல, சிதறல்களை ஒப்பிடும் லெவீன் சோதனையும் அதையே சொல்லும். அதனால் சிதறல் சமம் என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். டி மதிப்பு 3.66 வரும், பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோது தற்செயலாகவே இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு வரும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. எந்தக் குழுவை முதலில் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து டி-க்கு முன்னால் கழித்தல் குறி வரலாம், பதற வேண்டாம்.

எஸ்பிஎஸ்எஸ்-இன் பழைய பதிப்புகளில் இந்தப் பி மதிப்பு .000 என்று தெரியும். பூஜ்யம் என்று அதற்குப் பொருள் இல்லை. மூன்று இலக்கத்துக்குள் அடங்காத அளவு சிறியது, அவ்வளவுதான். ஆய்வேட்டில் ‘0.001-ஐ விடக் குறைவு’ என்று எழுதுங்கள். அப்படியே .000 என்று அச்சாகிப் போன ஆய்வேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானோர் ‘இன்மைக் கருதுகோள் (வேறுபாடு இல்லை என்ற கருதுகோள்) நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதி இத்தோடு முடித்துவிடுவார்கள். போதாது. பி மதிப்பை மட்டும் வைத்து வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியாது. மாணவர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போனால் அரை மதிப்பெண் வேறுபாட்டுக்குக்கூட மிகச் சிறிய பி மதிப்பு வரலாம். அதே பக்கத்தில் விளைவின் அளவுக்கும் ஒரு பெட்டி உண்டு. இங்கே அந்த அளவான கோஹனின் டி (ஆங்கிலத்தில் d, மேலே வந்த t அல்ல) சுமார் 0.53, நடுத்தரமான வேறுபாடு. ஓர் ஆசிரியருக்கு வேண்டியது இந்த எண்தான்.

இதே 200 பேரின் வாசிப்பு மதிப்பெண்ணை எழுத்து மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் இணை டி-டெஸ்ட், ஏனென்றால் இரண்டும் அதே ஆட்களுடையவை. பி 0.387, வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா என்பதன் அளவு, அதிகபட்சம் 1) 0.597. பாலினம், பள்ளி வகை இரண்டும் வகை மாறிகள் என்பதால் கை-ஸ்கொயர் டெஸ்ட். கை-ஸ்கொயர் மதிப்பு 0.047 (இது பி மதிப்பு அல்ல), மிகச் சிறியது, ஆகவே தொடர்பு தெரியவில்லை.

பாடப்பிரிவு மூன்று. பொது, உயர்கல்விக்கான பிரிவு, தொழிற்பிரிவு என்று முறையே 1, 2, 3 எனக் குறித்திருப்பார்கள். எக்செலில் இந்த எண்களுக்கும் சராசரி கேட்டால் 2.025 என்று மறுக்காமல் கொடுத்துவிடும், அர்த்தமே இல்லாத எண் அது. ஜமோவியில் ஒவ்வொரு நிரலும் எண்ணா வகையா என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். மூன்று குழு என்பதால் அனோவா, அதாவது பல குழுக்களின் சராசரிகளைச் சேர்த்து ஒப்பிடும் டெஸ்ட். எழுத்துச் சராசரி பொதுப் பிரிவில் 51.33, உயர்கல்விப் பிரிவில் 56.26, தொழிற்பிரிவில் 46.76. அனோவா தரும் எஃப் மதிப்பு 21.27, குழுக்களுக்கு இடையில் வேறுபாடு உண்டு. எந்த இரண்டுக்கு இடையில் வேறுபாடு என்பதை டூக்கி சோதனை காட்டும்.

சரி, தொழிற்பிரிவில் படித்ததால்தான் எழுத்து பின்தங்கியது என்று எழுதிவிடலாமா? கூடாது. யார் எந்தப் பிரிவுக்குப் போனார்கள் என்பதிலேயே வேறுபாடு தொடங்கியிருக்கலாம். 1985-இல் டென்னசி மாநிலத்தில் 79 பள்ளிகளில் தொடங்கிய ஸ்டார் ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பா, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பா என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அதனால் அங்கே கிடைத்த வேறுபாட்டுக்கு வகுப்பின் அளவே காரணம் என்று துணிந்து சொல்ல முடிந்தது. மென்பொருளுக்கு இந்த இரண்டு தகவலும் ஒன்றுதான், அதே திரை, அதே அட்டவணை. எப்படிச் சேர்த்தோம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் உங்கள் சொந்தக் கோப்பு. ஒரு மாணவருக்கு ஒரு வரிசை, ஒரு மாறிக்கு ஒரு நிரல். வராத மாணவருக்குப் பூஜ்யம் போடாதீர்கள், வெற்றாக விடுங்கள், இல்லாவிட்டால் சராசரியைக் கீழே இழுத்துவிடும். வினாப்பட்டியலில் ‘கணிதம் எனக்குப் பயம்’ மாதிரி எதிர்மறைக் கூற்றுகள் இருந்தால், கூட்டுவதற்கு முன் மதிப்பைத் திருப்பிப் போடுங்கள். மறந்திருந்தால் கிரான்பாக் ஆல்பா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) சந்தேகப்படும்படி குறைவாக வரும். எந்த டெஸ்டுக்கும் முன்னால் ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பெண் எத்தனை பேருக்கு என்று காட்டும் பட்டை வரைபடம்) வரைந்து பாருங்கள், 100-க்கு நடந்த தேர்வில் 540 என்று தட்டச்சாகியிருந்தால் அங்கேயே அகப்பட்டுவிடும்.

பள்ளியின் பெயருக்கும் ஒரு நிரல் கட்டாயம் வையுங்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள், ஒருவர் மதிப்பெண் மற்றவருடையதோடு ஒட்டியே இருக்கும். ஆனால் மேலே சொன்ன டெஸ்ட்கள், மாணவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகின்றன. நாலைந்து பள்ளிகளில் சேகரித்திருந்தால் பள்ளிவாரிச் சராசரியையும் ஓர் அட்டவணையாகப் போட்டு, இந்த வரம்பை ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பத்தியைக் கைடிடம் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.