எலும்பு உடைந்தது எக்ஸ்ரேயில் தெரிகிறது, ஜவ்வு?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. நான்கு நாட்களுக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டார். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுத்ததில் எல்1 எலும்பில் ‘பர்ஸ்ட் ஃபிராக்சர்’ என்று வந்திருக்கிறது. கால்கள் நன்றாக அசைகின்றன, சிறுநீர் போவதிலும் சிரமமில்லை. ஒரு டாக்டர், மூன்று மாதம் பெல்ட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர், எம்.ஆர்.ஐ. எடுத்து ஜவ்வைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்கிறார். உடைந்தது எலும்புதானே, ஜவ்வு எங்கிருந்து வந்தது? எங்கள் ஊரில் எண்ணெய் போட்டு உருவிவிடுபவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உருவிவிட வேண்டாம். ஏன் என்பது போகப் போகப் புரியும். எல்1 என்பது இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் முதலாவது; அது பாரம் தாங்காமல் நசுங்கி நொறுங்கியிருப்பதைத்தான் ‘பர்ஸ்ட் ஃபிராக்சர்’ என்கிறார்கள்.

‘ஜவ்வு’ என்ற சொல் நம் ஊரில் படாத பாடு படுகிறது. முழங்காலில் கிழிவதும் ஜவ்வு, முதுகில் விலகுவதும் ஜவ்வு. முதுகில் ‘விலகியது’ என்று சொல்லப்படுவது டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை. உங்கள் டாக்டர் பார்க்க நினைப்பது அதை அல்ல. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமென்ட்டை. முழங்காலில் கிழிகிறதே, அந்த இனம்.

உங்கள் முதுகிலேயே தொட்டுப் பாருங்கள் (அவர் முதுகில் வேண்டாம்). நடுக்கோட்டில் முண்டு முண்டாகத் தட்டுப்படும். குனிந்தால் அந்த முண்டுகளுக்கு இடையிலான வெளி விரியும், ஆனால் ஓர் அளவோடு நின்றுவிடும். அப்படி இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு லிகமென்ட்டுகளுடையது. முண்டுகளின் நுனியை ஒட்டி ஓடும் நாடா ஒன்று, முண்டுகளுக்கு இடையே உள்ள சவ்வு ஒன்று, உள்ளே ரப்பர் போல இழுபடும் மஞ்சள் லிகமென்ட், இருபுறமும் சிறு மூட்டுகளைச் சுற்றிய உறை. இந்த நான்கையும் சேர்த்து ‘பி.எல்.சி.’, அதாவது பின்பக்க லிகமென்ட் தொகுதி என்போம்.

வைக்கோல் ஏற்றிய லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இரண்டு கட்டு நசுங்கினாலும், பின்னால் கட்டிய கயிறு விறைப்பாக இருந்தால் பாரம் சாயாது. கயிறும் அறுந்திருந்தால் அடுத்த பள்ளத்தில் சாய்ந்துவிடும். உங்கள் கணவருக்கு முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. கயிறு என்ன ஆயிற்று என்பதுதான் இரண்டாவது டாக்டர் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி.

இது புதிய கேள்வியும் அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சுரங்கத் தொழிலாளர்களின் முதுகுக் காயங்களுக்குச் சிகிச்சையளித்த ஃபிராங்க் ஹோல்ட்ஸ்வொர்த், முதுகு நிலையாக நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது பின்பக்க லிகமென்ட்டுகள்தான் என்று 1963-லேயே வலியுறுத்தினார். எம்.ஆர்.ஐ. இல்லாத காலம். முதுகின் நடுக்கோட்டைத் தடவும்போது இரண்டு முண்டுகளுக்கு இடையே விரல் உள்ளே இறங்கினால், லிகமென்ட் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்றும் அனுபவமுள்ள டாக்டர் ஸ்கேனுக்கு முன் இதைச் செய்து பார்ப்பார்.

முதுகெலும்புக் காயத்தை மதிப்பிட 2005-ல் வந்த ‘டி.எல்.ஐ.சி.எஸ்.’ என்ற மதிப்பெண் முறையில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். பர்ஸ்ட் முறிவுக்கு 2 மதிப்பெண். நரம்பு பாதிக்கப்படவில்லை என்றால் 0. லிகமென்ட் முழுதாக இருந்தால் 0, சந்தேகம் என்றால் 2, கிழிந்திருந்தால் 3. மொத்தம் 3 வரை என்றால் பொதுவாக ஆபரேஷன் இல்லை, 5-க்கு மேல் போனால் ஆபரேஷன் பக்கம் சாய்வோம், 5-ம் அதில் சேர்த்தி. 4 என்றால் எப்படியும் போகலாம். உங்கள் கணவரின் கணக்கு 2-ஆகவும் இருக்கலாம், 5-ஆகவும் இருக்கலாம். எலும்பு அதே எலும்புதான். எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் லிகமென்ட் நேராகத் தெரியாது. முண்டுகள் அகன்றிருப்பதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ.யில், கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் படங்களில், காயம்பட்ட இடம் வெள்ளையாக ஒளிரும். வெறும் வீக்கமும் அப்படித் தெரியலாம் என்பதால், லிகமென்ட்டின் கறுப்புக் கோடு அறுபட்டிருக்கிறதா என்று தேடுவோம். ரிப்போர்ட் வந்ததும் பி.எல்.சி. பற்றிய வரி எங்கே என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் ரேடியாலஜிஸ்டிடம் திரும்பக் கேட்பதில் தவறில்லை.

கிழிந்திருந்தால் ஏன் பெல்ட்டை நம்புவதில்லை? எலும்பு எலும்பாகவே கூடும். லிகமென்ட் தழும்பாகத்தான் ஆறும், பழைய பலம் வருமென்று நம்ப முடியாது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூன் விழும், சில சமயம் நரம்பும் நசுங்கும். அதனால்தான் ஆபரேஷனில் ஸ்க்ரூவும் ராடும் வைத்து, லிகமென்ட் செய்த வேலையை அவற்றிடம் கொடுக்கிறோம். லிகமென்ட் முழுதாக இருந்தாலோ பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்கலாம். பெல்ட் என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இடுப்பு பெல்ட் அல்ல; அது எல்1 உயரத்தைப் பிடிக்காது. மார்பு வரை வரும் விறைப்பான பிரேஸ் வேண்டும். அதைப் போட்டு நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒழுங்காகத் தெரியும் எலும்பு, உடல் எடை ஏறியதும் சரிவது உண்டு.

தசைகளை மறந்துவிடக் கூடாது. சடலத்திலிருந்து எடுத்த இடுப்புப் பகுதி முதுகெலும்பை, தசை நீக்கி லிகமென்ட் மட்டும் விட்டு ஆய்வகத்தில் நிறுத்தியபோது, சுமார் 9 கிலோ பாரத்திலேயே வளைந்துவிட்டது. நாம் மூட்டை தூக்குவது தசையின் தயவால். ஆனால் உடற்பயிற்சியெல்லாம் எலும்பு கூடிய பிறகு, டாக்டர் சொன்ன பிறகு.

இப்போது உருவுவதற்கு வருவோம். பாதி அறுந்த கயிற்றை ஒருவர் அழுத்தி, முறுக்கி, ‘சொடக்கு’ எடுத்தால் மீதியும் அறும்; உடைந்த எலும்புத் துண்டு நரம்புப் பக்கம் தள்ளப்படலாம். எம்.ஆர்.ஐ. முடியும் வரை உங்கள் கணவரைத் திருப்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவது போல, இரண்டு பேராகத் திருப்புங்கள். உட்கார வைத்துச் சாப்பாடு கொடுக்காதீர்கள். கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ அன்றிரவே ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.